இரவில் ஃபிரிட்ஜ் "லோ வோல்டேஜ்" காட்டி நிற்கிறது, பேட்டரியில் 12.4 இருக்கிறது: கேம்பர் வேனில் எங்கே தேடுவது?

நாலுசக்கரக்கூடு:
வணக்கம். வேனில் இருப்பவை: 100 ஏஹெச் (ஆம்ப்-மணி) ஏஜிஎம் பேட்டரி (மூடிய ஈய-அமில வகை) இரண்டு, பேரலலில். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், டீசல் ஹீட்டர், தண்ணீர் பம்ப், எல்இடி விளக்குகள். கூரையில் சோலார், எம்பிபிடி கன்ட்ரோலர் வழியாக சார்ஜ் ஆகிறது.

பகல் முழுக்க ஒரு பிரச்சினையும் இல்லை. இரவில் ஹீட்டர் ஸ்டார்ட் ஆகும் நேரம் பார்த்து ஃபிரிட்ஜ் லோ வோல்டேஜ் எரர் காட்டி நின்றுவிடுகிறது. திரும்ப ஓட வெகுநேரம் ஆகிறது. உடனே பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.4 காட்டுகிறது. பேட்டரி போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு லித்தியத்துக்கு மாறிவிடலாமா, அல்லது வேறு எங்காவது பார்க்க வேண்டுமா?

வயர்க்கட்டு:
பேட்டரி மேல இப்போதைக்குக் கை வைக்காதீங்க. லோடு எதுவும் இல்லாம சில மணி நேரம் கிடந்த ஏஜிஎம் 12.8 காட்டினா முழுசு, 12.2 பக்கம் வந்தா ஏறக்குறைய பாதி. 12.4ல ஃபிரிட்ஜ் நிக்க வேண்டிய அவசியமே இல்லை.

நீங்க சொன்னதுலயே ரெண்டு துப்பு இருக்கு. ஒண்ணு, ஹீட்டர் ஸ்டார்ட் ஆகும்போது நிக்குது. டீசல் ஹீட்டர்ல ஸ்டார்ட் நேரத்துல டீசலைப் பத்த வைக்கிற குளோ பிளக் 8லேர்ந்து 10 ஆம்ப் வரைக்கும் இழுக்கும். பத்திக்கிட்ட பிறகு ஓரிரு ஆம்ப்தான். ரெண்டாவது, பகல்ல வரலை. பகல்ல சோலார் சிஸ்டத்தை 13.5லேர்ந்து 14.4 வரைக்கும் தூக்கிப் பிடிச்சிருக்கும். வழியில ஒன்றரை வோல்ட் தொலைஞ்சாலும் ஃபிரிட்ஜுக்கு 12க்கு மேல போய்ச் சேர்ந்துடும். ராத்திரி அந்தத் தாங்கல் இல்லை.

பல கம்ப்ரசர் ஃபிரிட்ஜ்ல கன்ட்ரோல் யூனிட் 10.4 வோல்ட் பக்கம் கட் பண்ணும், மறுபடி 11.7 தாண்டினாத்தான் ஓட விடும். அதான் "வெகுநேரம்" ஆகுது. இந்த எண்கள் மாடலுக்கு மாடல் மாறும், செட்டிங்கும் இருக்கும், உங்க மேனுவல்ல பார்த்துக்கோங்க. ஃபிரிட்ஜ் பார்க்கிறது தன் முனையில இருக்கிற வோல்ட்டை. நீங்க பார்க்கிறது பேட்டரி முனையில. நடுவுல தொலையறது எங்கேன்னு கண்டுபிடிக்கணும், அவ்வளவுதான் வேலை.

அளக்கிற முறை:

குளோ பிளக் கொஞ்ச நேரம்தான் எரியும், அதுக்குள்ள நாலு இடம் அளக்க முடியாது. அதனால 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்பு ரெண்டை ஹீட்டர் லைன்லயே டம்மி லோடா மாட்டுங்க. சுமார் 9 ஆம்ப் நிலையா ஓடும். பல்பு நல்லா சுடும், மெத்தை, திரை எதுவும் பக்கத்துல வேண்டாம். சோலாரை ஐசொலேட் பண்ணுங்க. ஃபிரிட்ஜ் ஓடிக்கிட்டு இருக்கணும், விளக்குகளும் எரியணும்.

முதல்ல பேட்டரியோட ஈய முனைக்கும் ஈய முனைக்கும் நடுவுல அளவு எடுங்க. வயரைப் பிடிச்சிருக்கிற கிளாம்ப் மேல புரோபை வைக்காதீங்க, கிளாம்புக்கும் முனைக்கும் இடையிலயே டிராப் (வழியில தொலையற வோல்ட்) இருக்கலாம். அடுத்து ஃபிரிட்ஜ் பின்னாடி டெர்மினல்ல அளங்க.

பிறகு ஒரு நீள வயரை மீட்டர் லீடோட சேர்த்துக்கிட்டு, பேட்டரி பாசிட்டிவ் முனையிலேர்ந்து ஃபிரிட்ஜ் பாசிட்டிவ் வரைக்கும் நேரா அளங்க. அதே மாதிரி ஃபிரிட்ஜ் நெகட்டிவ்லேர்ந்து பேட்டரி நெகட்டிவ் வரைக்கும். மீட்டர் வழியா கரண்ட் ஓடாத மாதிரிதான், அதனால எவ்வளவு மெல்லிசான வயரா இருந்தாலும் பரவாயில்லை. ரெண்டையும் கூட்டினா பேட்டரிக்கும் ஃபிரிட்ஜுக்கும் உள்ள வித்தியாசம் வரணும். வரலைன்னா எங்கேயோ புரோப் தப்பான இடத்துல இருக்கு.

எண்களை இங்கே போடுங்க.

பழைய_ஆம்ப்:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்த மன்றத்தில் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு இடத்தில்தான் திசைமாறிப் போகின்றன.

லோடு இல்லாமல் அளந்த வோல்ட்டை நம்பாதீர்கள். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். வயரில் ஒரே ஓர் இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும், ஃபியூஸ் கிளிப்பில் பச்சை பூத்திருந்தாலும், மீட்டர் 12.6 என்றே காட்டும். ஏனென்றால் அந்த வழியாகக் கரண்ட் ஓடவில்லை, ஓடாத இடத்தில் டிராப்பும் இல்லை. பம்பை மாட்டியதும் அது 4 வோல்ட்டாகச் சரியும். "வோல்ட் வருகிறது, பம்ப் ஓடவில்லை, ஆகவே பம்ப் போய்விட்டது" என்று நல்ல பம்பைக் கழற்றிப் போடுவது இப்படித்தான்.

21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை ஹோல்டரோடு இரண்டு முதலைக் கிளிப்பில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். 1.75 ஆம்ப் இழுக்கும். சந்தேகப்படும் இடத்தில் பல்பை மாட்டி எரியவிட்டு, அதன் இரு முனையிலும் மீட்டரை வையுங்கள். அந்த எண்தான் உண்மை.

இன்னொன்று, தம்பி. ஆம்ப் அளந்துவிட்டுச் சிவப்பு லீடை 10 ஆம்ப் துளையிலேயே விட்டுவிட்டுப் பேட்டரி முனையில் வோல்ட் பார்க்கப் போகாதீர்கள். அது நேரடி ஷார்ட். மீட்டருக்குள் நல்ல ஃபியூஸ் இருந்தால் அது போகும், இல்லாவிட்டால் லீடு கையிலேயே உருகும். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிப் பிடித்தே ஆம்ப் காட்டுவது) இருந்தால் இந்த ஆபத்தே இல்லை. வாங்கும்போது டிசி ஆம்ப் அளக்குமா என்று பார்த்து வாங்குங்கள், ஏசி மட்டும் அளப்பவைதான் அதிகம்.

நாலுசக்கரக்கூடு:
இருவருக்கும் நன்றி. மொத்த லோடு கிளாம்ப் மீட்டரில் 18 ஆம்ப், அதில் ஃபிரிட்ஜ் 5.

பேட்டரி முனையில் 12.05
ஃபிரிட்ஜ் முனையில் 10.62
பாசிட்டிவ் பக்கம் டிராப் 0.47
நெகட்டிவ் பக்கம் டிராப் 0.96

ஃபிரிட்ஜுக்குப் போவது 2.5 ஸ்கொயர் எம்எம் வயர், போக 7 மீட்டர், வர 7 மீட்டர். நெகட்டிவ் எல்லாம் ஒரு பஸ்பாரில் (உலோகப் பட்டையில்) சேர்ந்து, அங்கிருந்து ஒரு போல்ட்டில் சேஸிஸுக்கு (வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு) போகிறது. பேட்டரி நெகட்டிவும் வேறொரு போல்ட்டில் சேஸிஸில்தான் இருக்கிறது.

வயர்க்கட்டு:
0.47ம் 0.96ம் சேர்ந்தா 1.43. 12.05லேர்ந்து 10.62 போனாலும் 1.43. அளவு சுத்தமா இருக்கு.

இப்போ கணக்கு. செம்பு வயரோட தடை: நீளம் மீட்டர்ல, பெருக்கல் 0.0175, வகுத்தல் ஸ்கொயர் எம்எம். 7 மீட்டர், 2.5ன்னா 0.049 ஓம். 5 ஆம்ப்புக்கு 0.24 வோல்ட். அதாவது ஒவ்வொரு பக்கமும் வயர் மட்டுமே 0.24 தின்னுது. இது கோளாறு இல்லை, வயர் மெல்லிசு. கம்ப்ரசர் கிளம்புற அந்த நொடியில கரண்ட் இன்னும் ஏறும், டிராப்பும் கூடவே ஏறும். 10.62லேர்ந்து 10.4க்குக் கீழே போறதுக்கு அது போதும். நிக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

பாசிட்டிவ்ல வயர் போக மிச்சம் 0.23. அது மெயின் ஸ்விட்ச், ஃபியூஸ் பெட்டி ரெண்டுக்கும் நடுவுல எங்கேயோ. தனித்தனியா அளங்க. ஸ்விட்சோட ரெண்டு போல்ட்டுக்கு நடுவுல ஒண்ணு, ஃபியூஸோட உள்ளே வர்ற வயருக்கும் வெளியே போற வயருக்கும் நடுவுல ஒண்ணு.

நெகட்டிவ்ல வயர் போக 0.72 மிச்சம். இதுதான் பெரிய தலை. இங்கே ஒண்ணு கவனிங்க: பஸ்பாரைத் தாண்டின பிறகு ஓடறது ஃபிரிட்ஜோட 5 ஆம்ப் இல்லை, எல்லா லோடும் சேர்ந்த 18 ஆம்ப். 0.72ஐ 18ஆல வகுத்தா 0.04 ஓம். ஒரு போல்ட் இணைப்புல இவ்வளவு தடை இருக்கவே கூடாது. ஹீட்டர் ஆன் ஆகும்போது ஃபிரிட்ஜ் நிக்கிறதோட ரகசியமும் இதுதான். ரெண்டும் தனித்தனி ஃபியூஸ், தனித்தனி வயர், ஆனா திரும்பி வர்ற வழி ஒண்ணு.

18 ஆம்ப், 0.72 வோல்ட்னா அந்த போல்ட்ல 13 வாட் சூடு. டம்மி லோடை அரை மணி ஓடவிட்டு விரலை வெச்சுப் பாருங்க, ரெண்டு போல்ட்ல எதுன்னு அதுவே சொல்லும்.

சரி பண்றது: முதல்ல சோலார் பேனலைத் துண்டிச்சிடுங்க, பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. போல்ட்டைக் கழட்டி லக் (வயர் முனையில இருக்கிற உலோக வளையம்) உட்கார்ற வட்டம் முழுக்க பெயின்ட், பிரைமர், துரு எல்லாத்தையும் உப்புத்தாள் போட்டுப் பளபளன்னு வெறும் இரும்பு தெரியற வரைக்கும் தேய்ங்க. பல தயாரிப்புல பெயின்ட் மேலேயே லக்கை வெச்சு முறுக்கியிருப்பாங்க, கரண்ட் மொத்தமும் போல்ட்டோட மரை வழியாத்தான் போகும். லக் நேரா இரும்பு மேல உட்காரணும். அதுக்கு மேல வாஷர், அதுக்கு மேல ஸ்பிரிங் வாஷர், நட். லக்குக்கு அடியில வாஷர் வரவே கூடாது, ஸ்டீல் வாஷர் அங்கே ஒரு ரெசிஸ்டர்தான். 8 மில்லி ஸ்டீல் போல்ட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்க. இறுக்கின பிறகு வெளிப்பக்கம் பெட்ரோலியம் ஜெல்லியோ பெயின்ட்டோ பூசுங்க. முன்னாடி இல்லை, பிறகு.

ஷீட் மெட்டல் ஸ்க்ரூவுல நெகட்டிவ் கொடுத்திருந்தா அதை அப்படியே தூக்கிப் போட்டுட்டு முழு போல்ட் நட் போடுங்க. தகட்டுல அந்த ஸ்க்ரூ பிடிக்கிறது ரெண்டு மரைதான்.

ஃபிரிட்ஜ் வயரை ரெண்டு பக்கமும் 6 ஸ்கொயர் எம்எம் ஆக்குங்க.

செம்புக்கம்பி:
போல்ட்டைத் தேய்ப்பது தற்காலிகம் என்பது என் கருத்து. ஹவுஸ் பேட்டரியின் (வண்டிக்குள் உள்ள கருவிகளுக்கான பேட்டரியின்) நெகட்டிவைச் சேஸிஸ் வழியாகக் கொண்டுவருவதே தவறு. மழைநீரும் சாலை உப்பும் படும் இடத்தில் செம்பு லக்கும் இரும்பும் சேர்ந்தால் அரிப்பு வந்தே தீரும். பஸ்பாரிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு நேராக 35 ஸ்கொயர் எம்எம் கேபிள் ஒன்று இழுத்துவிட்டால் இந்தப் பேச்சே முடிந்தது. ஒட்டுப் பலகை பாடி, அலுமினிய ஃபிரேம் உள்ள வண்டிகளில் சேஸிஸ் என்பதே பல துண்டுகள். எந்தத் துண்டு எதோடு தொட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

வயர்க்கட்டு:
கேபிள் இழுக்கிறது நல்லது, நானும் அதையே சொல்வேன். ஆனா சேஸிஸ் இரும்பு மேல பழி போடாதீங்க. வெல்டிங் பண்ணின ஸ்டீல் சேஸிஸோட குறுக்களவு எந்தக் கேபிளையும் விடப் பெருசு, டிராப் வர்றது முனைகள்லதான்.

ஒண்ணு மட்டும்: தனிக் கேபிள் போட்டுட்டு சேஸிஸ் இணைப்பை மொத்தமா எடுத்துடாதீங்க. ஒரே ஒரு இடத்துல பஸ்பார் சேஸிஸோட சேர்ந்திருக்கணும். இல்லைன்னா பாசிட்டிவ் வயர் எங்கேயாவது உரசி பாடியைத் தொட்டா ஃபியூஸ் போக வழியே இருக்காது, பாடி முழுக்க பாசிட்டிவ் ஏறி நிக்கும். இன்ஜினோட ஆல்டர்னேட்டர்லேர்ந்து சார்ஜ் வர்ற வண்டின்னா அதுக்குத் திரும்பு வழியும் அதுதான்.

இன்வெர்ட்டர் இருந்தா அதோட நெகட்டிவ் கட்டாயம் நேரா பேட்டரிக்குத்தான் வரணும், சேஸிஸ் பக்கமே போகக் கூடாது. 2000 வாட் இன்வெர்ட்டர் முழு லோடுல 185 ஆம்ப் பக்கம் இழுக்கும். இப்போ இருக்கிற அந்த 0.04 ஓம் போல்ட் வழியா வெறும் 100 ஆம்ப் போனாலே 4 வோல்ட் டிராப், 400 வாட் சூடு. அங்கே தீப்பிடிக்கும்.

கூரைத்தகடு:
இழையின் நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், மின்கோளாறு என்பதால் இங்கேயே கேட்கிறேன். கேரவனை வெளி சப்ளையில் மாட்டினதும் சப்ளைத் தூணில் உள்ள ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டால் சப்ளையை வெட்டும் ஸ்விட்ச்) டிரிப் ஆகிறது. உள்ளே எல்லா பிரேக்கரையும் ஆஃப் செய்துவிட்டு மாட்டினாலும் சில நேரம் டிரிப் ஆகிறது. வேறு தூணிலும் அதேதான். சில நாள் ஒன்றும் ஆவதில்லை.

மின்பெட்டி:
இது 12 வோல்ட் வேலை மாதிரி இல்லை, உயிர் போகும் பக்கம். வண்டியின் பிளக்கைக் கழற்றி, இன்வெர்ட்டரையும் ஆஃப் செய்து, அதன் பேட்டரி இணைப்பையும் துண்டித்த பிறகுதான் ஏசி மின்சாரம் வரும் பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே எதையும் தொடுமுன் மீட்டரில் சுழி என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்த மீட்டர் வேலை செய்கிறதா என்பதை முன்னும் பின்னும் உயிருள்ள இணைப்பு ஒன்றில் சரிபாருங்கள். பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், கீழே உள்ளதை அவரிடம் காட்டுங்கள்.

"எல்லாம் ஆஃப், ஆனாலும் டிரிப்" என்பதற்கு விளக்கம் எளிது. சிங்கிள் போல் பிரேக்கர் ஃபேஸை மட்டும்தான் வெட்டுகிறது. நியூட்ரல் அப்படியே சேர்ந்திருக்கிறது. ஏதாவது ஒரு கருவியில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே கசிவு இருந்தால், பிரேக்கர் ஆஃப் ஆக இருந்தாலும் ஆர்சிசிபி வித்தியாசத்தைக் கண்டுகொள்ளும். 230 வோல்ட் நாடுகளில் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்ப்புக்குள் விழும். வட அமெரிக்க ஜிஎஃப்சிஐ சாக்கெட் (இதே காவல் உள்ள சாக்கெட்) என்றால் 5 மில்லி ஆம்ப் பக்கமே விழுந்துவிடும், அங்கே இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

பிரித்துப் பார்க்கும் வரிசை: வண்டியின் மெயின் டபுள் போலாக இருந்தால் அதை ஆஃப் செய்து மாட்டுங்கள். அப்போதும் டிரிப் ஆனால் கோளாறு கேபிள், இன்லெட் சாக்கெட், நடுவில் உள்ள சர்ஜ் புரொடெக்டர் இவற்றுக்குள்தான். இன்லெட்டைத் திறந்து ஈரம், கருகல் பாருங்கள். டிரிப் ஆகவில்லை என்றால் உள்ளே போகலாம். பிளக்கைக் கழற்றி, நியூட்ரல் பாரிலிருந்து எல்லா சர்க்யூட்டின் நியூட்ரலையும் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாக அதன் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாட்டிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றித்தான் வயரைத் தொட வேண்டும்.

சில நாள் வருகிறது, சில நாள் இல்லை என்றால் என் முதல் சந்தேகம் ஹீட்டிங் எலிமென்ட். வாட்டர் ஹீட்டரிலும், கேஸிலும் மின்சாரத்திலும் ஓடும் அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜிலும் இருக்கும். எலிமென்ட்டின் உறைக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் வண்டி சும்மா நிற்கும் மாதங்களில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சூடாகிக் காய்ந்ததும் கசிவு மறையும், பிறகு திரும்ப வரும். எலிமென்ட்டின் இரு வயரையும் தனியே கழற்றி, ஒன்றாகச் சேர்த்து, உடலுக்கு எதிராக 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் தடை அளக்கும் மீட்டரில்) பாருங்கள். 1 மெகா ஓமுக்கு மேல் இருக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவு இங்கே உதவாது, அது தரும் சிறு வோல்ட்டில் கசிவு தெரியாது. மெக்கரை கன்வெர்ட்டர் (வெளி சப்ளையை 12 வோல்ட் டிசி ஆக்கும் பெட்டி), இன்வெர்ட்டர், எலக்ட்ரானிக் போர்டு எதுவும் சேர்ந்திருக்கும் லைனில் வைக்காதீர்கள், எரிந்துவிடும்.

எலிமென்ட் நன்றாக இருந்தால் நியூட்ரல்-எர்த் பாண்டை (இரண்டையும் சேர்க்கும் இணைப்பை) பாருங்கள். இன்வெர்ட்டர் தனியாக ஓடும்போது நியூட்ரலும் எர்த்தும் அதற்குள் சேர்ந்திருக்கலாம், ஆனால் வெளி சப்ளை வந்ததும் உள் ரிலே அதைப் பிரித்துவிட வேண்டும். யாராவது பெட்டியில் நிரந்தரமாக ஒரு ஜம்பர் போட்டிருந்தால் மாட்டியதும் டிரிப்தான். வண்டியின் பிளக்கைக் கழற்றி, மெயினை ஆன் செய்து, பிளக்கின் நியூட்ரல் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கக் கூடாது.

ஆர்சிசிபி டிரிப் ஆகிறது என்பதற்காக எர்த் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். எர்த் அறுந்த வண்டியில் கருவிகளின் ஃபில்டர் கெபாசிட்டர் வழியாகவே பாடியில் சப்ளையின் பாதி வோல்ட் ஏறி நிற்கும். அது கையில் சுருக்கென்று அடிக்கும் அளவோடு போகலாம். ஆனால் எலிமென்ட்டும் கசிகிறது என்றால் முழு வோல்ட் பாடியில், பின்னால் கரண்ட்டும் இருக்கும். ஈர நிலத்தில் வெறுங்காலோடு கதவைப் பிடிக்கும் குழந்தைக்குத் தப்பிக்க வழியில்லை. கதவைத் தொடும்போது லேசாக ஷாக் அடித்தால் முதலில் தூணில் பிரேக்கரை ஆஃப் செய்யுங்கள். வண்டியைத் தொட்டுக்கொண்டு தேட வேண்டாம்.

நாலுசக்கரக்கூடு:
இதைப் படித்ததில் எனக்கும் பயன். என் பழைய கேள்வி பாக்கி இருக்கிறது: போல்ட்டைச் சரி செய்த பிறகு லித்தியம் போட்டால் நல்லதுதானே?

பழைய_ஆம்ப்:
போடலாம். ஆனால் கோளாறைச் சரி செய்யாமல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று முதலில் பாருங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் லோடிலும் 13 வோல்ட் பக்கம் நிற்கும். ஃபிரிட்ஜுக்கு 11.6 கிடைத்திருக்கும், எரர் மறைந்திருக்கும், போல்ட் மட்டும் உள்ளுக்குள் காய்ந்துகொண்டே இருந்திருக்கும்.

மாறும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. வோல்ட்டை வைத்து மிச்சம் கணிக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். 13.0க்கும் 13.3க்கும் நடுவே பெரும்பகுதி கொள்ளளவு போய்விடும். 12.4 என்றால் ஏஜிஎம்மில் நிம்மதி, இதில் அநேகமாகக் காலி. ஷண்ட் (நெகட்டிவ் வழியில் வைத்துக் கரண்ட்டை அளக்கும் துண்டு) உள்ள பேட்டரி மானிட்டர் வையுங்கள், எல்லா நெகட்டிவும் ஷண்ட்டின் லோடு பக்கம் வர வேண்டும். ஒரே ஒரு வயர் நேராகப் பேட்டரி முனைக்குப் போனாலும் கணக்கு தப்பும்.

சுழி டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது, செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் ஆகும். பிஎம்எஸ்ஸில் (பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்டில்) குளிர் தடுப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்ப் வரும், சாதாரண ஃபியூஸ் அதை வெட்ட முடியாமல் தீப்பொறி தொடரும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் கிளாஸ் டி (Class T) வகை ஃபியூஸ் போடுங்கள்.

ஆல்டர்னேட்டரை ரிலே வழியாக நேராகச் சேர்க்காதீர்கள். ஐடிலில் விசிறிக் காற்று குறைவு, லித்தியம் கேட்கும் கரண்ட் அதிகம், ஆல்டர்னேட்டர் வெந்துவிடும். டிசி-டிசி சார்ஜர் வேண்டும். 30 ஆம்ப் கொடுப்பது உள்ளே 35 முதல் 40 ஆம்ப் வரை இழுக்கும், 16 ஸ்கொயர் எம்எம் கேபிளும் இரு முனையிலும் 60 ஆம்ப் ஃபியூஸும் போதும். ஏஜிஎம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: புதிய வண்டிகளின் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் எரிபொருள் மிச்சம் பிடிக்க வோல்ட்டை 12.5 பக்கம் இறக்கிவிடும். வோல்ட் பார்த்து ஒட்டும் ரிலே அப்போது ஒட்டாது. "நாள் முழுக்க ஓட்டியும் சார்ஜ் ஏறவில்லை" என்றால் ரிலேயைக் குறை சொல்லும் முன் ஓட்டும்போது ஸ்டார்ட்டர் பேட்டரியில் என்ன வோல்ட் என்று பாருங்கள்.

கூரைத்தகடு:
இன்னொரு சின்னக் கேள்வி. மெயின் ஸ்விட்ச் ஆஃபில் இருந்தாலும் கேரவன் நிற்கும் இடத்தில் சில வாரத்தில் 100 ஏஹெச் பேட்டரி காலி ஆகிறது.

செம்புக்கம்பி:
ஸ்விட்சுக்கு முன்னாலேயே பேட்டரியில் நேராக மாட்டியிருப்பவை இருக்கும். கேஸ் அலாரம் 0.05 முதல் 0.1 ஆம்ப் வரை, ரேடியோ மெமரி, டேங்க் மானிட்டர், சோலார் கன்ட்ரோலர். எல்லாம் சேர்ந்து 0.4 ஆம்ப் ஆனாலே ஒரு நாளைக்கு 9.6 ஏஹெச். இன்வெர்ட்டர் ஸ்டாண்ட்பையில் கிடந்தால் அது மட்டும் 0.5 முதல் 2 ஆம்ப்.

எந்தச் சர்க்யூட் என்று கண்டுபிடிக்க ஃபியூஸைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்காதீர்கள், பிடுங்கிச் சொருகும்போது சில கருவிகள் விழித்துக்கொண்டு வேறு அளவு காட்டும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஃபியூஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளியில் தொடுங்கள். 10 ஆம்ப் பிளேடு ஃபியூஸின் தடை 7, 8 மில்லி ஓம் இருக்கும். 0.8 மில்லிவோல்ட் காட்டினால் 0.1 ஆம்ப் ஓடுகிறது. சுழி காட்டும் ஃபியூஸை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஃபியூஸ் பெட்டியில் ஒன்றும் தெரியாவிட்டால், பேட்டரி பாசிட்டிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மெல்லிய வயரையும் கிளாம்ப் மீட்டருக்குள் விடுங்கள்.

அமெரிக்கத் தயாரிப்பு டிரெய்லர் என்றால் ஒரு எச்சரிக்கை: அங்கே 12 வோல்ட்டில் கறுப்பு பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ் என்று வருவது வழக்கம். கறுப்பு என்றால் நெகட்டிவ் என்ற நினைப்பில் பேட்டரியை மாற்றி மாட்டினால் கன்வெர்ட்டரில் உள்ள ரிவர்ஸ் போலாரிட்டி ஃபியூஸ்கள் போய்விடும். கன்வெர்ட்டர் வெளியீட்டில் 13.6, பேட்டரியில் 12.4க்கு மேல் ஏறவே இல்லை என்றால் முதலில் அவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

நாலுசக்கரக்கூடு:
வேலை முடிந்தது. சூடானது பஸ்பார் பக்கத்து போல்ட்தான். கழற்றினால் லக்குக்கு அடியில் பெயின்ட் அப்படியே இருந்தது, போல்ட்டின் மரை மட்டும் ஒரு பக்கம் நீலம் பாய்ந்திருந்தது. தேய்த்துப் புது லக் போட்டேன், இரு பக்கமும் 6 ஸ்கொயர் எம்எம் வயர் மாற்றினேன், ஃபியூஸ் கிளிப் தளர்ந்திருந்ததால் அந்த ஹோல்டரும் புதிது.

அதே லோடில் இப்போது: பேட்டரி 12.05, ஃபிரிட்ஜ் 11.69. பாசிட்டிவில் வயர் 0.10, ஃபியூஸ் 0.05, மெயின் ஸ்விட்ச் 0.08. நெகட்டிவில் வயர் 0.10, போல்ட் இரண்டும் சேர்ந்து 0.03. டம்மி லோடை எடுத்துவிட்டு ஹீட்டரை ஸ்டார்ட் செய்தாலும் ஃபிரிட்ஜ் நிற்கவில்லை.

ஃபிரிட்ஜ் பின்னால் உள்ள டெர்மினலில் 6 ஸ்கொயர் எம்எம் வயர் மாட்டக் கொஞ்சம் சிரமம். வயர் தடிமனானதால் ஃபியூஸையும் பெரிதாக்க வேண்டுமா?

வயர்க்கட்டு:
மொத்தம் 0.36, 12 வோல்ட்டுக்கு 3 சதவீதம். இதுக்கு மேல கேட்க வேண்டாம்.

ஃபியூஸை மாத்தாதீங்க. ஃபிரிட்ஜ் மேனுவல்ல 15 ஆம்ப்னு போட்டிருந்தா 15தான். வயர் தாங்கும்னு 40 போட்டா, ஃபிரிட்ஜுக்குள்ள இருக்கிற மெல்லிசான வயருக்குக் காவல் இல்லாம போயிடும்.

டெர்மினலுக்கு மஞ்சள் நிற ஸ்பேடு டெர்மினல் எடுங்க, 4லேர்ந்து 6 ஸ்கொயர் எம்எம் வரைக்கும் பிடிக்கும். ராட்செட் கிரிம்பர்ல அழுத்துங்க, இடுக்கி வேண்டாம். அழுத்தின பிறகு நல்லா இழுத்துப் பாருங்க. ஈயம் வெச்சுப் பத்த வைக்கிறதும் வேண்டாம், ஈயம் ஏறி நிக்கிற எல்லையில வயர் விறைச்சுக்கிட்டு, வண்டி அதிர்வுல அங்கேயே இழை இழையா முறியும். உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடிடுங்க. வயரை டெர்மினலுக்கு ஒரு சாண் முன்னாடி சட்டத்துல கட்டிட்டா அதோட எடை ஸ்பேடுல தொங்காது.

மெயின் ஸ்விட்ச் 0.08ங்கிறது 18 ஆம்ப்புக்குப் பரவாயில்லை. அது சாவி போட்டுத் திருப்புற சின்ன ஸ்விட்சுன்னா இன்வெர்ட்டரை மட்டும் அது வழியா கொடுக்காதீங்க. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடின பிறகு ரெண்டு போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்துட்டு, நெகட்டிவ் அளவை மறுபடி எடுங்க. 0.13லேர்ந்து ஏறியிருந்தா எழுதுங்க.

கூரைத்தகடு:
வாட்டர் ஹீட்டர் எலிமென்ட் மெக்கரில் 0.2 மெகா ஓம். காய வைத்த பிறகும் 0.4க்கு மேல் வரவில்லை.

மின்பெட்டி:
காத்திருக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். புது எலிமென்ட்டோடு சீல் வாஷரும் புதிது போடுங்கள். டேங்க்கில் தண்ணீர் நிரப்பி, சூடுதண்ணீர்க் குழாயைத் திறந்து காற்று முழுக்க வெளியேறிய பிறகுதான் ஆன் செய்ய வேண்டும், தண்ணீர் இல்லாமல் ஆன் செய்தால் புது எலிமென்ட் உடனே எரிந்துவிடும். மாட்டிய பிறகு ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அழுத்தி விழுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.